பிண்டாகாஸ்: பேரில் மட்டும் சீஸ், மூன்று ஜாடிகளின் விமர்சனம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம். நெதர்லாந்தில் பீனட் பட்டர் வாங்குவதாக இருந்தால், பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவிக் கொடுக்கக் கால்வே பிராண்டு. சமையலுக்கு, கடலையைத் தவிர வேறெதுவும் சேராத ஜாடி, எந்தப் பிராண்டாக இருந்தாலும் சரி. ருசிக்காக மட்டும் என்றால், தென் அமெரிக்க நாடான சூரிநாமிலிருந்து வந்தவர்களின் கடைகளில் கிடைக்கும் கார வகை. மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசிதான். அதற்கு நாக்கு ஒரு காரணம், அதன் பெயர் இன்னொரு காரணம். பெயரைப் பற்றித்தான் இங்கே நிறையப் பேசப்போகிறேன், அலுத்துப்போனால் ஜாடிகளைப் பற்றிய பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

இந்த ஊரில் பீனட் பட்டர் என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள், ஆனால் ஜாடியில் அச்சிட்டிருப்பது பிண்டாகாஸ். பிண்டா என்றால் நிலக்கடலை, காஸ் என்றால் சீஸ். இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவது டச்சுக்காரர்கள் வழக்கம், எத்தனை சொல் சேர்ந்தாலும் நடுவில் இடம் விடமாட்டார்கள். ஆக இது கடலைச் சீஸ். பாலும் கிடையாது, உறை ஊற்றுவதும் கிடையாது, சக்கரம் சக்கரமாக அடுக்கி வைத்துப் பக்குவப்படுத்துவதும் கிடையாது. புதிதாக வந்து இறங்கிய நம் ஆட்கள் மொபைலில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, சீஸ் சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடும் என்று அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். பிண்டா என்று காதில் விழுந்ததும் பிண்ணாக்கு நினைவுக்கு வருவதும் இயல்புதான், கடலைப் பிண்ணாக்கும் இதுவும் ஒரே பருப்பிலிருந்து வருபவை ஆயிற்றே. ஆனால் சொல்லளவில் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, அது தற்செயல்.

சரி, ஏன் சீஸ்? எந்த டச்சுக்காரரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்லுவார். பால் வெண்ணெய்க்கு மட்டும்தான் வெண்ணெய் என்று பெயர் வைக்கலாம் என்று இங்கே சட்டம் இருந்தது, அதனால் கம்பெனிக்காரர்கள் வெண்ணெய் என்று போட முடியாமல் சீஸ் என்று போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் கதை. கேட்க நன்றாக இருக்கும், விருந்தில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள்.

பொய் என்றும் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டுக்கு வெண்ணெய் பெரிய ஏற்றுமதிச் சரக்கு, முக்கியமாக இங்கிலாந்துக்குப் போனது. 1871இல் ஓஸ் என்ற ஊரில் யூர்கன்ஸ் குடும்பத்தார் மார்கரின் என்கிற செயற்கை வெண்ணெய் தயாரிக்க ஆரம்பித்தார்கள், அதே ஊரின் வான் டென் பெர்க் குடும்பத்தாரும் பின்னாலேயே இறங்கினார்கள். விலை குறைந்த மார்கரினை வெண்ணெயில் கலந்து வெண்ணெய் என்றே விற்கும் வேலையும் கூடவே வந்துவிட்டது. பேர் கெட்டால் இங்கிலாந்துக்காரன் டென்மார்க்கிலிருந்து வாங்கிக்கொள்வான், பால் பண்ணைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள், 1889இல் வெண்ணெய்ச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து வெண்ணெய் என்ற சொல்லைத் தொட எல்லோருக்கும் பயம். கால்வே நிறுவனம் 1948இல் கடலை விழுதை நெதர்லாந்தில் ஜாடியில் அடைத்து விற்க வந்தபோது பிண்டாபோட்டர், அதாவது கடலை வெண்ணெய், என்று பெயர் வைக்க வழியில்லை என்பது உண்மைதான். இப்போது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்த மாதிரி விதி இருக்கிறது. பால் சேராத பொருளுக்குப் பால், வெண்ணெய், சீஸ் என்ற பெயர்கள் கூடாது என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு டோஃபு கம்பெனி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கத்தில் ஊறிப்போன தேங்காய்ப் பால், கோக்கோ வெண்ணெய், பீனட் பட்டர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

ஆனால் இந்தக் கதையில் ஓர் ஓட்டை. ஏன் வெண்ணெய் இல்லை என்பதற்கு மட்டும்தான் இது பதில். ஏன் சீஸ் என்பதற்கு இதில் பதிலே கிடையாது. கடலைப் பசை என்று வைத்திருக்கலாம், கடலை விழுது என்று வைத்திருக்கலாம், ஆயிரம் பெயர் இருக்கும்போது கெட்டியான மஞ்சள் கட்டியின் பெயரைக் கொண்டுபோய் ஒழுகுகிற விழுதுக்கு எவன் வைப்பான்?

இதற்கும் ஒரு சப்பைக்கட்டு உண்டு. டச்சில் சீஸே இல்லாத சீஸ்கள் ஏற்கெனவே இருந்தன என்பார்கள். லேவர்காஸ் என்றால் ஈரல் சீஸ், அரைத்த ஈரலை அச்சில் வார்த்துத் துண்டு போடுவது. ஹோஃப்ட்காஸ் என்றால் தலைச் சீஸ், பன்றித் தலைக்கறியை வேகவைத்து அதன் சாற்றிலேயே உறையவிட்டது. அதனால் கடலைக்கும் காஸ் என்று ஒட்டிவிட்டார்கள் என்பது வாதம். நன்றாகக் கவனியுங்கள், அந்த இரண்டுமே கத்தியால் துண்டு போடக்கூடியவை. கட்டியாக இருப்பதை, வெட்டித் தின்பதை, சீஸ் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கரண்டியால் வழித்துத் தடவுவதை அப்படிச் சொல்வதில் என்ன நியாயம்?

நியாயம் இருந்தது, ஆனால் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் இருந்தது. தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் சூரிநாம் 1667இலிருந்து டச்சுக்காரர்கள் கையில் இருந்த நாடு, 1975இல்தான் விடுதலை. கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கொங்கோ கரையிலிருந்து வந்தவர்களும் அதில் நிறைய. பிண்டா என்ற சொல் அவர்களோடு வந்தது. கிக்கொங்கோ மொழியில் நிலக்கடலைக்கு ம்பிண்டா என்று பெயர், அதிலிருந்துதான் சூரிநாமின் ஸ்ரானன் மொழிக்கும், கரீபியன் தீவுகளின் பாப்பியமெந்தோவுக்கும், அங்கிருந்து டச்சுக்கும் வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நிலக்கடலைச் செடியின் பூர்வீகமே தென் அமெரிக்காதான். போர்த்துக்கீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், ஆப்பிரிக்கா அதற்கு ஒரு பெயர் வைத்தது, பிறகு அந்தப் பெயர் சங்கிலியில் கட்டப்பட்ட மனிதர்களோடு செடியின் சொந்தக் கண்டத்துக்கே திரும்பி வந்தது.

அந்தச் சூரிநாமில், வறுத்த கடலையை இடித்துக் கெட்டியான கட்டியாகப் பிடித்து, வேண்டும்போது கத்தியால் சீவி எடுத்துச் சாப்பிடுகிற வழக்கம் இருந்தது. சீவி எடுப்பதால் அதற்குக் கடலைச் சீஸ் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் அங்கே புழக்கத்தில் இருந்திருக்கிறது, கால்வே ஜாடி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே. அதாவது பெயர் சரியான பெயர்தான், பொருள்தான் பிற்பாடு மாறிப்போனது. கட்டி விழுதாகிவிட்டது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. சட்டம் ஒரு கதவைச் சாத்தியது, பக்கத்தில் ஏற்கெனவே திறந்து கிடந்த கதவு சூரிநாமுடையது, இப்படித்தான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சட்டக் கதையை மட்டும் சொல்பவர்கள் தோட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தவர்களை வசதியாக விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1863 ஜூலை 1, ஆண்டுதோறும் அந்த நாளைக் கெட்டி கோட்டி என்று நெதர்லாந்திலும் கொண்டாடுகிறார்கள்.

பெயர் விஷயத்தில் சந்தேகம் வந்தால் சண்டை போட வேண்டாம், எடிமோலொகிபாங்க் என்று ஓர் இணையதளம் இருக்கிறது, மொழியியலாளர் நிக்கோலின் வான் டெர் செய்ஸ் முயற்சியில் வந்தது, டச்சுச் சொற்பிறப்பு அகராதிகளில் இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும், இலவசம். டச்சு தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்புக் கருவி வைத்துக்கொண்டு மேயலாம். அதற்கும் சேர்த்து ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன்.

சொல்ல மறந்துவிடுவேன், நம்மிடமும் இதே கூத்து உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்பார்கள், மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையானது. பிலிப்பைன்ஸ் தலைநகரம் எங்கே, செஞ்சிச் சந்தை எங்கே! யாழ்ப்பாணத்தில் கச்சான். கடலை எந்த ஊருக்குப் போனாலும் சும்மா போகாது போலிருக்கிறது.

இனி ஜாடிகள்.

கால்வேயிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் பாதிப் பேருக்குப் பிண்டாகாஸ் என்றாலே அதுதான். இதை வைத்து வளராதவர் யார் என்பது அவர்களுடைய பழைய விளம்பர வாசகம், அதில் மிகை குறைவு. கம்பெனி கடலைக்குப் புதிது அல்ல. டெல்ஃப்ட் நகரில் 1880களில் ஆரம்பித்த எண்ணெய் ஆலை அது, பிரான்சில் போர்தோ நகரில் கடலை எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த கால்வே என்ற நிறுவனத்தோடு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்ந்தது, பெயரும் அப்படித்தான் வந்தது. சாலட்டுக்கு ஊற்றும் எண்ணெய் விற்பதற்காக யான் தோரொப் என்ற ஓவியரிடம் 1890களில் ஒரு சுவரொட்டி வரையச் சொன்னார்கள், தலைமுடி அலையலையாகப் பாய்ந்து படம் முழுவதையும் நிரப்பும், அது அவ்வளவு பிரபலமாகி, அந்தப் பாணி ஓவியத்துக்கே டச்சில் ஸ்லாஓலிஸ்டெய்ல், அதாவது சாலட் எண்ணெய்ப் பாணி என்று பெயர் வந்துவிட்டது. தோரொப் பிறந்தது ஜாவாவில். நான் விமர்சனத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டேன், ஆனால் ஒரு சமையல் எண்ணெய் ஓர் ஓவிய இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த கதையைச் சொல்லாமல் எப்படி இருப்பது.

ருசிக்கு வருவோம். நைசாக இருக்கும், கரண்டி வைத்தால் நிற்கும், எண்ணெய் மேலே மிதக்காது. அமெரிக்க ஜாடிகளில் வரும் அந்தத் தித்திப்பு இதில் தூக்கலாக இல்லை, உப்பு நாக்கில் படும், எனக்கு அது பிடிக்கும். எண்ணெய் பிரியாமல் இருப்பது மந்திரம் ஒன்றும் இல்லை, இந்த வகை ஜாடிகளில் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பு கொஞ்சம் சேர்ப்பார்கள், அது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ரொட்டியில் ஒழுங்காகப் படியும், குழந்தையின் பள்ளி டப்பாவில் வழியாது. கடலைத் துண்டுகள் போட்ட வகையும் உண்டு, வீட்டில் பல் விழும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம், பெரியவர்களுக்கு அதுவே மேல்.

டச்சுக்காரர்கள் சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் தலைசுற்றும். ரொட்டியில் முதலில் வெண்ணெயோ மார்கரினோ தடவி, அதன்மேல் பிண்டாகாஸ் தடவி, அதன்மேல் ஹாகல்ஸ்லாக் என்கிற சாக்லெட் தூவலைக் கொட்டி, காலை ஏழு மணிக்கு மிகவும் சாதாரணமாகச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் போய்விடுவார்கள். ஹாகல்ஸ்லாக் என்பதும் ஒட்டுச் சொல்தான், ஆலங்கட்டி மழை என்று பொருள். இன்னொரு கூட்டம் பிண்டாகாஸ் மேல் சம்பல் என்கிற இந்தோனேசிய மிளகாய் விழுதைப் பூசிச் சாப்பிடும், வெள்ளரிக்காய் வட்டமாக நறுக்கி வைத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் தாராளமாகச் சேரலாம்.

எங்கே வாங்குவது என்பது பெரிய கேள்வியே இல்லை, எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஆஃபர் அடிக்கடி வரும், அதற்குக் காத்திருந்து வாங்குங்கள், ஜாடி சீக்கிரம் கெடாது.

இரண்டாவது, கடலை மட்டும் போட்ட ஜாடி. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பொருட்கள் பட்டியலில் நிலக்கடலை நூறு சதவிகிதம் என்று ஒரே வரிதான் இருக்க வேண்டும், அதிகம் போனால் உப்பு. இப்போது உடற்பயிற்சிக்காரர்கள் புண்ணியத்தில் எல்லாக் கடைகளும் இதைச் சொந்தப் பெயரில் விற்கின்றன. மணம் நன்றாக இருக்கும், மூடியைத் திறந்ததும் திருவிழாவில் மணலில் கடலை வறுக்கிற வாசனை வரும். தொல்லை என்னவென்றால் எண்ணெய் மேலே வந்து நிற்கும், அடியில் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும், கிளறிக் கலப்பதற்குள் மேசை நாசம். ஜாடியைத் தலைகீழாக வைத்து ஒரு ராத்திரி விட்டால் ஓரளவு சமமாகும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே என்று நானும் அப்படியே வைத்தேன், அது ஒரு சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பிராண்டு, பெயர் வேண்டாம், மூடி சரியாக இறுகாத ஜாடியாக இருந்திருக்கிறது, காலையில் அலமாரி முழுக்கக் கடலை எண்ணெய். கடையில் கொண்டுபோய்க் காட்டினால் ரசீது கேட்டார்கள். ரசீது அதே அலமாரியில் எண்ணெயில் ஊறி, எழுத்தெல்லாம் மறைந்து கிடந்தது. தலைகீழாக வைப்பதென்றால் அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் சமையலுக்கு இதுதான் ஜாடி. அவசரத்துக்குக் கடலைச் சட்னி வேண்டும் என்றால், வறுத்துத் தோல் நீக்கி அரைக்கிற வேலையே இல்லை. வெந்நீரில் ஊறவைத்த காய்ந்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, நெல்லிக்காயளவில் பாதிப் புளி, உப்பு, இவற்றை நைசாக அரைத்து, இந்த விழுதில் இரண்டு மூன்று பெரிய கரண்டி போட்டு, வெந்நீர் விட்டுத் தளர்த்தி, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. குளிர்ந்த நீர் விட்டால் திரிந்தது போலத் திட்டுத்திட்டாக நிற்கும், வெந்நீர்தான். கால்வே வகையில் செய்தால் சட்னி வருமே தவிர, அந்தக் கெட்டிக் கொழுப்பு ஆறியதும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், சில பிராண்டுகளில் சர்க்கரையும் சேர்ந்து இட்லிக்கு ஒவ்வாது. புளிக்குழம்பு திக்காக வரவும் ஒரு கரண்டி போடலாம். இந்தோனேசிய சாத்தே சாஸ் செய்வதாக இருந்தாலும் இதை வைத்தே செய்யுங்கள், கூடக் கொஞ்சம் கெச்சாப் என்கிற இனிப்பு சோயா சாஸ், சம்பல், பூண்டு, எலுமிச்சைச் சாறு, தேங்காய்ப் பால்.

மூன்றாவதுக்கு டோக்கோவுக்குப் போக வேண்டும். ஆசிய, சூரிநாம் சாமான்கள் விற்கும் கடைகளுக்கு இங்கே டோக்கோ என்று பெயர், மலாய்ச் சொல். டென் ஹாக் (நாம் ஹேக் என்போமே, அது), ரோட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் ஆகிய மூன்று ஊர்களிலும் சூரிநாம் மக்கள் நிறைய இருப்பதால் தெருவுக்கு ஒன்று இருக்கும். டென் ஹாக்கில் கடைக்காரர் பெரும்பாலும் இந்துஸ்தானி வம்சாவளி, 1873இல் லல்லா ரூக் என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் போக ஆரம்பித்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். நம்மைப் பார்த்ததும் இந்தியாவா என்று கேட்டு, ஹிந்தி தெரியுமா என்பார்கள். தெரியாது, தமிழ் என்றால் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சிரித்துவிட்டு, காரம் தின்பீர்களா என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். தின்போம்.

சூரிநாம் பிண்டாகாஸ் நிறத்திலேயே வேறு. கடலையைக் கருகும் விளிம்பு வரை வறுத்திருப்பார்கள், அடர்ந்த பழுப்பு. அதில் மேடம் ஜனெட் என்ற மிளகாய் சேரும், மஞ்சளாக, குடைமிளகாயின் குட்டித் தம்பி போல உருண்டு சுருங்கி இருக்கும், காரமோ உச்சி மண்டைக்கு ஏறும், ஆனால் நம் குண்டூர் மிளகாய் போல வெறும் காரம் அல்ல, பழ வாசனை ஒன்று முதலில் வரும், அந்த வாசனையில் மயங்கி இன்னொரு கரண்டி வைப்பதற்குள் காரம் பின்னாலேயே வந்து சேரும். நைசும் இல்லை, சொரசொரப்பாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் கரண்டி வளையுமோ என்று பயமாக இருக்கும் அளவுக்கு இறுகிவிடும், அந்த நிலையில் அதைக் கத்தியால்தான் எடுக்க வேண்டும். அப்படிக் கத்தியால் சீவி ரொட்டியில் அடுக்கிச் சாப்பிடும்போது, சட்டக் கதையெல்லாம் தேவையே இல்லை, பெயர் ஏன் வந்தது என்று கை சொல்லிவிடும்.

வெறும் ரொட்டியோடு நிறுத்த வேண்டாம். பிண்டாசூப் என்று கடலைச் சூப் ஒன்று அங்கே பிரபலம், கோழிச் சாற்றில் இந்தக் கடலை விழுதைக் கரைத்துக் காய்ச்சி, வாழைக்காயை வேகவைத்து இடித்து உருண்டை பிடித்துப் போடுவார்கள், அந்த உருண்டைக்கு டொம்டொம் என்று பெயர். ஆப்பிரிக்காவின் கை அதில் அப்படியே தெரியும். இது போதாதென்று 1890 முதல் ஜாவாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெச்செல் என்று காய்கறி மேல் ஊற்றும் கடலைச் சாஸைத் தங்கள் பங்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இவ்வளவு பேரும் சேர்ந்து உட்கார்ந்த சாப்பாட்டு மேசையில் கடலைக்குத் தனி மரியாதை இல்லாமல் எப்படி இருக்கும்?

குறையும் சொல்ல வேண்டுமே. டோக்கோ ஜாடிகள் ஒரே மாதிரி வருவதில்லை. சிறு தயாரிப்பாளர்கள் செய்வதாலோ என்னவோ, ஒரு முறை வாங்கியதில் காரம் நாக்கைப் பொசுக்கும், அடுத்த முறை அதே பிராண்டில் வெறும் உப்புதான் தெரியும். விலையும் கூட. இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம், தேதி அழிந்த ஜாடியை மட்டும் வாங்காதீர்கள், நிலக்கடலை பழசானால் காறல் வாடை வரும், ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்ஸின் என்கிற நஞ்சும் வரும். ரோட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும் கடலையை அதற்காகவே சோதித்து எடுக்கிறார்கள், பெரும்பகுதி அர்ஜென்டினா கடலை.

ரோட்டர்டாம் என்றதும் இன்னொரு விஷயம். டச்சுக்காரர்கள் பிண்டா என்ற சொல்லை வீதியில் கேட்டுப் பழகியதற்கு 1930களின் சீனர்களும் ஒரு காரணம். கப்பல்களில் கரி அள்ளிப் போட்ட சீனத் தொழிலாளர்கள் பொருளாதார மந்தத்தில் வேலை போய் ரோட்டர்டாமின் காட்டன்ட்ரெக்ட் பகுதியில் சிக்கிக்கொண்டார்கள். வயிற்றுப் பிழைப்புக்குக் கடலையும் சர்க்கரைப் பாகும் சேர்த்து வில்லை செய்து, தகரப் பெட்டியில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிண்டா பிண்டா லெக்கா லெக்கா என்று கூவித் தெருத்தெருவாக விற்றார்கள். அந்தப் பண்டம் ஏறக்குறைய நம் கடலை மிட்டாய்தான், கோவில்பட்டிக்காரர்கள் பார்த்தால் வெல்லம் போடவில்லையே என்று குறை சொல்லுவார்கள், வேறு வித்தியாசம் அதிகம் இருக்காது. அந்த மனிதர்களுக்கு ஊர் வைத்த பெயர் பிண்டாசினேஸ், கடலைச் சீனன், அதுவும் ஓர் ஒட்டுச் சொல்தான், பின்னால் வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஒட்டுச் சொற்கள் எல்லாமே வேடிக்கையாக இருப்பதில்லை.

வேடிக்கையானதும் இருக்கிறது. ஏதாவது கைநழுவிப் போனால், பஸ்ஸைத் தவறவிட்டால், பரீட்சையில் கோட்டை விட்டால், ஹேலாஸ் பிண்டாகாஸ் என்பார்கள். ஹேலாஸ் என்றால் ஐயோ பாவம், பிண்டாகாஸ் எதுகைக்காக ஒட்டிக்கொண்டது, வேறு அர்த்தமே கிடையாது. ஆபீசில் என் விடுப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது மேலாளர் இதைச் சொன்னார், எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது நானே சொல்கிறேன்.

அப்புறம் ஒரு பிண்டாகாஸ் தரை. விம் டி. ஸ்கிப்பர்ஸ் என்ற கலைஞர் 1962இல் ஒரு யோசனை வைத்தார், ஓர் அறையின் தரை முழுக்கப் பிண்டாகாஸை வழுவழுவென்று பூசிவிடுவது, அவ்வளவுதான் கலைப்படைப்பு. 1969இல் அதைச் செய்தும் காட்டினார். ரோட்டர்டாமின் போய்மன்ஸ் அருங்காட்சியகம் 2010இல் அந்தப் படைப்பை விலைகொடுத்து வாங்கி அடுத்த ஆண்டு காட்சிக்கு வைத்தது, தடுப்பு எதுவும் போடாததால் சிலர் தெரியாமல் அதில் காலை வைத்து நடந்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பொருளை இப்படி வீணாக்குவதா என்று எனக்குள் இருக்கிற அம்மா கேட்கிறாள். ஆனால் ஜாடி ஜாடியாகக் கொட்டி மட்டப்படுத்தினாலும் எண்ணெய் பிரியாமல் நிற்கிறது என்றால், கெட்டிக் கொழுப்பு சேர்த்த வகையால்தான் அது முடியும், கடலை மட்டும் போட்ட வகையில் முயன்றிருந்தால் எண்ணெய்க் குளமாகியிருக்கும்.

இனி மதிப்பெண். கால்வே நைஸ் வகைக்கு ஐந்துக்கு நாலு, என்றும் ஒரே மாதிரி இருப்பதற்காக. கடலை மட்டும் போட்ட ஜாடிகளுக்கு மூன்றரை, மூடி நல்ல மூடியாக இருந்தால் நாலு. சூரிநாம் கார வகைக்கு நாலரை, அரை மதிப்பெண் குறைத்தது ஜாடிக்கு ஜாடி காரம் மாறுவதற்காக. ஊருக்குக் கொண்டுபோவதானால் கைப்பையில் வைக்காதீர்கள், விமானப் பாதுகாப்பில் இதையும் திரவக் கணக்கில்தான் சேர்ப்பார்கள், பல விமான நிலையங்களில் நூறு மில்லிக்கு மேல் இருந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறை போட்டு வையுங்கள். வீட்டில் கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் இந்த விமர்சனம் உங்களுக்கானது அல்ல, ஹாகல்ஸ்லாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிலும் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.